இரண்டு சுவர்களுக்கு நடுவில்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் மனைவியும் நலமா? அம்மா காலமாகி, வீட்டைப் பாகம் பிரித்துக் கூடத்தில் சுவர் எழுப்பியபின் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். தபால்காரர் சிரிக்கிறார்: "சுவத்துக்கு அந்தப் பக்கம் போறதுக்கு எதுக்கும்மா ஸ்டாம்பு? ஒரு குரல் குடுத்தா கேக்காதா?" கேட்கும்தான். கூப்பிடத்தான் வாய் வரவில்லை.

மதியம் நான் கண்ணயரும் நேரம் பார்த்துச் சுவரைத் தட்டுகிறாய். இன்னும் கோபம் தீரவில்லையா?

அக்கா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தட்டவில்லை. மதியத்தில் நாங்கள் இருவருமே வேலையில் இருப்போம். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கும் கேட்டது. "உங்க அக்காவுக்குப் பொழுது போகலை போல" என்றாள் இவள். நீதான் என்று நானும் நினைத்தேன்.

கொத்தனாரிடம் கேட்டேன். ஒருவர் சுவர் இன்னொருவருக்கு வேண்டாமென்று வீம்புக்கு ஆளுக்கொரு சுவர் கட்டினோமே, நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்குமளவு சந்து விட்டுப்போயிருக்கிறதாம். நாலாபுறமும் அடைப்பு. "எலிகூட நுழையாது சார்" என்கிறார்.

பேசாமல் இரண்டையும் இடித்துவிடலாமா, அக்கா? எனக்கும் அலுத்துவிட்டது.

தம்பி

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். பொறுக்க மாட்டாமல் என் பக்கம் ஒரு செங்கலை நானே பெயர்த்தேன். உள்ளே இருட்டு. கையை விட்டேன். அந்தப் பக்கமிருந்து உன் கை வந்து பிடித்துக்கொண்டது. நீயும் பெயர்த்திருக்கிறாய்! "டேய், ஏதாவது பேசேன்டா" என்றேன். அழுத்தக்காரன், வாயே திறக்கவில்லை. கையை மட்டும் விடவில்லை. ஏன் அப்படி ஜில்லென்றிருக்கிறது? ஸ்வெட்டர் போட்டுக்கொள். வயதாக ஆக உன் கை அம்மா கை மாதிரியே ஆகிவிட்டது.

அக்கா

பிப்ரவரி 19

அக்கா,

இதைப் பார்த்ததும் அந்த ஓட்டையை அடைத்துவிடு. எங்கள் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை. இடிக்கக் கொத்தனார் திங்கள்கிழமைதான் வருகிறார்.

நேரிலேயே சொல்ல வந்தேன். கதவைத் தட்டத் தட்ட நீ திறக்கவில்லை. உள்ளே யாரிடமோ, "இன்னும் கொஞ்சம் சாப்பிடேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாய். இதைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

தம்பி

பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

கொத்தனாரை வர வேண்டாமென்று சொல்லிவிடு. உன் சுவர் அப்படியே இருக்கட்டும். பாகம் பிரித்தபோது நாம் ஒன்றைக் கவனிக்கவில்லை. அம்மாவின் கட்டில் கிடந்த இடம் அந்தச் சந்துதான். உனக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

இடம் குறுகல்தான். இன்னும் நாலைந்து செங்கலை எடுத்தால் நுழைந்துவிடுவேன்.

இனிமேல் மதியத்தில் தட்டும் சத்தம் கேட்டால் அது நான்தான். பயப்படாதே.

அக்கா