மூடிக் கிடக்கும் பம்ப்

திருச்செங்கோடு

அன்புள்ள தீனதயாளன் மாமாவுக்கு, தனப்பிரியா எழுதுவது.

சபரி அண்ணனின் நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியதற்கு நீங்கள்தான் காரணம். இதைப் போனில் சொன்னால் உங்கள் போர்வெல் ரிக் ஆட்கள் எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போடுவீர்கள். கோபம் வந்தால் துண்டித்துவிடுவீர்கள். சத்தீஸ்கருக்கு உங்கள் ரிக்குக்குப் பாறை துளைக்கும் பிட்டுகளை ஏற்றி வரும் லாரிக்கார நாச்சிமுத்துவிடம் அதனால்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் மறுபடியும் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். பாட்டிலில் வெளிறிய மஞ்சளாக நிறைந்தது. உள்ளே அழற்சி இருக்கிறதாம். நோயை எதிர்க்கும் அணுக்கள் விடுகிற ஏடிஏ என்ற நொதி அந்த நீரில் மிக அதிகமாம். டீபீயாகத்தான் இருக்கும் என்று மாத்திரை தொடங்கிவிட்டார் டாக்டர். மூச்சு இழுத்தால் விலாவில் குத்துவதால் அண்ணன் உட்கார்ந்தபடியே தூங்குகிறான்.

இதைக் கேட்டதும் அம்மாவிடம் என்ன சொன்னீர்கள்? "பாத்தியாக்கா, டீபீயாமா. அது ஆருக்கு வேணாலும் வரும். உம்பட புள்ள தூசி மேல பழி போட்டாளே!" நொதி உங்களுக்குச் சாட்சியாகிவிட்டது. ஆனால் டாக்டர் அத்தோடு நிறுத்தவில்லை. ஸ்கேனில் நுரையீரல் முழுக்கக் கல்தூசி பொட்டுப் பொட்டாகத் தெரிகிறது, அப்படிப்பட்ட நுரையீரலை டீபீ சுலபமாகப் பிடிக்கும் என்றார். அம்மா இதை உங்களிடம் சொல்லமாட்டார். அப்பா போனபின் நமக்குச் சோறு போட்ட கூடப்பிறந்தவனை எந்த வாயால் கேட்பது என்கிறார்.

உங்கள் வண்டியில் தண்ணீர் பீய்ச்சும் பம்ப் இருக்கிறது. திறந்தால் தூசி சேறாக வழிந்துவிடும். சேற்றில் வேலை சுணங்கும், தோட்டத்துக்காரன் வேறு ரிக்கைக் கூப்பிடுவான் என்று மூடி வைத்தீர்கள். உங்களோடு அந்த ரிக்கில் வேலை பார்த்த அண்ணன்தான் சொன்னான். சொல்லிவிட்டு, "மாமனத் தப்பாப் பேசாத புள்ள, அவரும் அதே தூசியிலதான நிக்கறாரு" என்று என்மேல் எரிந்து விழுந்தான். நீங்களும் இருமுகிறீர்கள் மாமா. போனில் கேட்கிறது.

இப்போது அண்ணன் இடத்துக்குத் தம்பி ஜெகதீஸ்வரனைக் கூட்டிப் போயிருக்கிறீர்கள். நான் மில்லிலிருந்து திரும்புவதற்குள் அம்மா அவன் பையைக் கட்டிக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோ அனுப்பினான். கண்ணைத் தவிர முகமெல்லாம் வெள்ளை. "அக்கா, பவுடர் வேணுமா?" என்று சிரிக்கிறான். அம்மாவும் சிரித்தார். அண்ணன் சிரிக்கப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டான்.

பம்பைத் திறங்கள். இல்லையென்றால் தம்பியை அனுப்பிவிடுங்கள். நீங்களும் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகள்,
தனப்பிரியா


திருச்செங்கோடு

மாமாவுக்கு,

நாச்சிமுத்து திரும்பிவிட்டார். "குடுத்துட்டனுங்க அம்மிணி. படிச்சாரு. மடிச்சு சட்ட ஜோப்புல வெச்சுக்கிட்டாரு. அவ்வளவுதானுங்க" என்றார். பம்ப் ஓடுகிறதா என்று கேட்டேன். லாரி டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

அண்ணன் இன்னும் உட்கார்ந்தேதான் தூங்குகிறான். தேறியதும் ரிக்குக்குத் திரும்புவதாகச் சொல்கிறான். அம்மா கோயிலில் உங்கள் பெயருக்கும் சேர்த்துத்தான் அர்ச்சனை செய்கிறார். நான் தடுக்கவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

தம்பியை அனுப்பிவிடுங்கள், மாமா.

தனப்பிரியா