அப்பா எனக்குப் போட்டுவிட்ட ஹெல்மெட்

ஜிந்துப்பிட்டி,
12.05.1992

அன்பான அப்பா,

பெரியப்பா வீட்டில் எல்லோரும் நித்திரை. குசினியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஞாயிறு களுபோவில ஆஸ்பத்திரிக்கு வரும்போது பற்றிக் மாமா இதைத் தருவார். அம்மாவிடம் கொடுத்தால் பெரியப்பா வாசித்துவிடுவார். வழக்கு முடியும்வரை நான் வார்ட்டுக்கு வரக்கூடாதாம். "தகப்பனும் மகளும் கதைச்சால் சாட்சி கெட்டுப்போம்" என்கிறார். வழக்குகள் எழுதும் புறக்டர் கந்தோரில் கிளார்க்காக இருக்கிறவருக்கு நீதவான் என்ற நினைப்பு.

கால் எடுத்த இடத்தில் சீழ் நின்றுவிட்டதா? இல்லாத பாதம் இன்னும் கடிக்கிறது என்றீர்களாம். அம்மா சொல்லி அழுதா.

போன வருடம் லொறி மோதியபோது என் தலையைக் காப்பாற்றிய ஹெல்மெட்டை அம்மா அந்தோனியார் கோயிலில் நேர்த்திக்கு வைத்தா அல்லவா? இன்று பெரியப்பா அதைத் திருப்பி எடுத்துவந்துவிட்டார். அம்மா பதறிப்போனா. "அந்தோனியார் துலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர்தானே றஞ்சிதம்? எனக்குக் குடுத்திட்டார்" என்று பெரியப்பா சிரித்தார்.

வெறுந்தலையோடு மோட்டர்சைக்கிள் ஓடியதால் உங்களுக்குப் பாதி நட்டஈடுதான் என்று லொறிக்காரரின் இன்சூரன்ஸ் சொல்கிறதாம். அதனால் அடிபட்டு வெடித்த ஹெல்மெட் உங்கள் தலையில் இருந்தது என்று நான் கோட்டில் சொல்ல வேண்டுமாம்.

"அப்ப என்ர தலையில என்ன இருந்தது, பெரியப்பா?"

"ஒண்டுமில்லை. நீ மணல் கும்பியில விழுந்தனி. விளங்குதோ?"

வேதாகமத்தில் கைவைத்து எப்படிச் சொல்வேன்? பயமாக இருக்கிறது, அப்பா.

உங்கள் மகள்,
கொன்ஸ்ரன்ஸ்

களுபோவில, வார்ட்டிலிருந்து
17.05.1992

என் செல்லக் குஞ்சுக்கு,

சீழ் குறைந்துவிட்டது. இங்கே சோறுதான் சரியில்லை, அம்மாவின் மீன்குழம்பு வராவிட்டால் பட்டினிதான்.

பெரியப்பா சொல்வதைச் சொல்லிவிடு, மகள். ஒற்றைக் காலோடு ஹார்பரில் கிரேன் ஏற முடியாது. பாதிக் காசு இந்த வைத்தியத்துக்கே காணாது, பிறகு உன் படிப்பு? நானும் அதையே சொல்லப்போகிறேன். பாவம் என் தலையில் போகட்டும். இரவில் விழித்திருக்காதே, காய்ச்சல் வரும்.

அன்பு முத்தங்களுடன்,
அப்பா பேதுரு

ஜிந்துப்பிட்டி,
20.05.1992

அன்பான அப்பா,

மாட்டேன். நீங்கள் சொல்லியும் கேட்காதது இதுதான் முதல்தடவை.

வெள்ளவத்தையில் ரியூசன் வாசலில் நீங்கள் நின்றது நினைவிருக்கிறதா? மற்ற ஹெல்மெட்டின் வார் அறுந்திருந்தது. இருந்த ஒன்றை எனக்குப் போட்டீர்கள். பெரிதாக இருந்ததால் நீங்கள் முகம் துடைக்கும் லேஞ்சியை மடித்து உள்ளே வைத்தீர்கள். பொலிஸ் பிடித்தால் என்று கேட்டேன். "என்ர மொட்டைக்கும் கொஞ்சம் காத்துப் படட்டும்" என்றீர்கள். பெரியப்பாவின் கதையில் நீங்கள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு என்னை வெறுந்தலையோடு பின்னால் ஏற்றியிருக்கிறீர்கள். அப்படி ஓர் அப்பா எனக்கு இல்லை.

இன்னொன்று. பெரியப்பாவின் பைலில் ஆஸ்பத்திரிக் கடதாசியைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். லொறிச் சில்லு வலது காலை நசித்தது என்றும், தலையில் காயம் எதுவும் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. ஹெல்மெட் போடாதது பிழைதான். அதற்குப் பொலிசில் தண்டம் கட்டுவோம். காலுக்குரிய காசில் ஏன் வெட்ட வேண்டும்?

லேஞ்சி இன்னும் ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது. பெரியப்பா கவனிக்கவில்லை.

கொன்ஸ்ரன்ஸ்

கொட்டாஞ்சேனை,
04.06.1992

அன்பான அப்பா,

சொல்லிவிட்டேன். ஹெல்மெட் என் தலையில்தான் இருந்தது என்று. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து லேஞ்சியை இழுத்துக் காட்டினேன்.

இன்சூரன்ஸ் லோயர் சந்தோஷமாக எழும்பினார். "அப்ப உம்மட அப்பா சட்டத்தை மீறினவர்தானே?"

"ஓம் சேர். எனக்காக மீறினவர். ஆனா சேர், ஹெல்மெட் காலிலயா போடுறது?"

மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் சொல்லும்போது சிரிப்பை அடக்கினார். நீதவான் சிரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கடதாசியைக் கேட்டு வாங்கி இரண்டு தரம் வாசித்தார். அடுத்த தவணைக்கு டொக்டரும் நீங்களும் வர வேண்டும் என்றார். அவர் என்ன தீர்ப்புச் சொல்வாரோ தெரியாது.

வெளியில் வந்ததும் பெரியப்பா, "தாயும் மகளும் இனி என்ர வாசல் மிதிக்கப்படாது" என்றார். அம்மா போய் உடுப்புகளைக் கட்டினா. பற்றிக் மாமா வீட்டு முன் அறையில் இருக்கிறோம். ஹெல்மெட்டைக் கோட்டில் வைத்துக்கொண்டார்கள். வழக்கு முடிந்ததும் திருப்பித் தருவதாக அம்மா அந்தோனியாரிடம் தவணை கேட்டிருக்கிறா.

இனி உங்கள் முறை, அப்பா. அதே வேதாகமம்தான். நீங்கள் பெரியப்பாவின் கதையைச் சொன்னால் நான் பொய்க்காரி ஆவேன். சொல்லுங்கள் பார்ப்போம்.

இதை நாளைக்கே பற்றிக் மாமா தருவார், ஞாயிறு கடிதம் வராது. மீன்குழம்போடு நானே வருகிறேன். அன்று ஹெல்மெட் யார் தலையில் இருந்தது என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

உங்கள் மகள்,
கொன்ஸ்ரன்ஸ்