கூடத்தில் நாலாவது கோட்டை

செஞ்சி,
வைகாசி, வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் செண்பகத்துக்கு உன் சித்தப்பன் புகழேந்தி எழுதுவது. இங்கே நானும் உன் சித்தி ரோஜாவும் கூடத்தில் கிடக்கும் நாலு மல்லாட்டை மூட்டைகளும் (உன் பேங்க் பாஷையில் வேர்க்கடலை) சுகம். அங்கே ஷில்லாங்கில் நீயும் உன் பேங்கும் நீ போர்த்திக்கொள்ளும் அந்த யானைக்கனத்து ரஜாயும் சுகந்தானா என்று உடனே எழுது.

கையில் போனை வைத்துக்கொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்து தொண்டையைச் செருமுவதற்குள் "சித்தப்பா, அட்வான்ஸை வாங்கிக்கினு பேசாம திண்டிவனத்துக்கே போயிடுங்க, எதுக்கு இந்தப் பேஜாரு" என்று நீ குறுக்கே விழுகிறாய். கடிதத்தில் அது நடக்காது. அண்ணனும் அண்ணியும் போன பிறகு என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு இன்றுவரை இறங்காத பெண் நீ. ஆனாலும் இந்தத் தாள் முடிகிற வரைக்கும் நான் பேசுவேன், நீ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். திண்டிவனம் முதல் விக்கிரவாண்டி டோல்கேட் வரை கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றல் அத்தனைக்கும் மைக் பிடித்த குரல் இது, கோழி அடைகாப்பதை நிறுத்திவிட்டு எழுந்து நின்று கேட்ட குரல். உன் ஒருத்தியிடம்தான் செல்லுபடி ஆவதில்லை.

நீ அரைகுறையாகக் கேட்டதை இப்போது முழுசாகச் சொல்கிறேன். தை மாதம் நம் நர்சம்மா சித்தியைச் செஞ்சிக்கு அந்தாண்டை மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றிப் போட்டார்களா, திண்டிவனத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அவள் போய்வந்த கொஞ்ச நாளிலேயே முட்டி வீங்கிப் பூசணிக்காய் ஆகிவிட்டது. சரி, செஞ்சியிலேயே வீடு பார்ப்போம் என்று சக்கரவர்த்தி திக்விஜயம் புறப்பட்டேன். இந்த ஊர் மலையை நீ பஸ்ஸிலிருந்து பார்த்திருப்பாய், ராட்சசன் ஒருவன் மல்லாட்டையைக் குவித்துக் காயவைத்துவிட்டு எடுக்க மறந்துபோன மாதிரி பாறை மேல் பாறை. அந்த மலைக் கோட்டையைப் பிடிக்க எத்தனையோ ராஜாக்கள் வருஷக்கணக்கில் முற்றுகை போட்டார்களாம். மலைக்குக் கீழே ஒரு வாடகை வீடு பிடிக்கச் சொல்லியிருந்தால் அவர்கள் படையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். முதல் வீட்டில் வாசலில் நின்றபடியே விசாரணை. "எந்த ஊரு?" திண்டிவனங்க. "திண்டிவனத்துல எங்க?" ஸ்டேஷன் பக்கங்க. "ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம்?" ரயில் நிக்கிற பக்கங்க என்றேன். அவருக்கு வேண்டிய பதில் அது இல்லை, கடைசியில் வேண்டிய பதிலை எப்படியோ தெரிந்துகொண்டார், "அப்புறமா போன் பண்றேன்" என்றார். அந்தப் போன் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. இரண்டாவது வீட்டில் கறிமீன் ஆகாது என்றார்கள், எதிரிலேயே அவர்கள் வீட்டுப் பூனை கருவாட்டுத் தலையைக் கடித்துக்கொண்டிருந்தது. மூன்றாவது வீட்டில் எல்லாம் பேசி முடித்து, நாம் யார் என்று தெரிந்த மறுநிமிஷம் அவர்கள் பிள்ளை அமெரிக்காவிலிருந்து வருகிறான் என்றார்கள். நாலாவது வீட்டிலும் ஒரு பிள்ளை அமெரிக்காவிலிருந்து கிளம்பிவிட்டான். நம்மைப் போன்றவர்கள் செஞ்சியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் போதும், அமெரிக்காவில் விமானங்கள் வரிசையாகப் புறப்பட்டுவிடுகின்றன. உன் ஷில்லாங் வீட்டுக்காரம்மா பன்றிக்கறி சாப்பிடுவாயா என்று ஒரே கேள்வி கேட்டுச் சாவியைக் கையில் கொடுத்தாளே, அந்த மகராசியை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில்தான் லட்சுமியம்மாள் வீடு. கணவர் இல்லாதவர், சொந்த நிலத்தில் தானே நின்று பயிர் வைக்கிறவர், மாடியில் அவர் இருக்கிறார், கீழ்வீடு வாடகைக்கு. அவர் கேட்டது "நர்சம்மாவா? பிரஷர் பாப்பீங்களா?" என்று மட்டும். அன்றைக்கே நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சிக் குடியேறினோம். திண்டிவனத்து வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டு, குழாய் ஸ்பீக்கர், சீரியல் பல்பு, சித்தி குழந்தைகளை நிறுக்கும் தராசு என்று ராஜ்ஜியத்தையே ஒரு டாட்டா ஏஸ் வண்டியில் ஏற்றி வந்தேன். வந்ததும் முதல் வேலையாக உன் அப்பா சட்டம் போட்டு வாங்கிய அம்பேத்கர் படத்தை, திண்டிவனத்தில் இருந்தது போலவே வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டினேன். உள் அறையில் மாட்டியிருக்கலாமே என்று நீ போனில் கேட்டாய். உன் அப்பா அதை உள் அறைக்கு வாங்கவில்லை.

மாசி பங்குனி குளிர்ச்சியாகவே போனது. அப்புறம் ஒருநாள் லட்சுமியம்மாளின் தம்பி குமரேசன் அக்காவைப் பார்க்க வந்தவர், வாசலோடு போகாமல் உள்ளே எட்டிப் பார்த்தார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். மாடியில் கொஞ்ச நேரம் குரல் உயர்ந்தது. மறுநாள் காலை அந்த அம்மாள் படியில் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் பனியனைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மல்லாட்டை புடுங்கப் போறோம். மூட்டை போட எடம் இல்ல. நீங்க இந்த மாசத்துக்குள்ள வேற எடம் பாத்துக்கினீங்கன்னா நல்லாருக்கும்." இந்த ஊரில் இது வழக்கமான பேச்சுதான், அறுவடை வந்தால் குடியிருப்பவர்களைக் கிளப்பிவிட்டு மூட்டை அடுக்குவது உண்டு. ஆனால் அவர் வீட்டு மூட்டை வருஷா வருஷம் குமரேசன் வீட்டுக் கொட்டகைக்குப் போவது தெருவுக்கே தெரியும். உள்ளே சித்தி பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றுவிட்டது. அப்போது எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்த யோசனை, "அவ்ளோதானம்மா? மூட்டைய இங்கயே கொண்டாந்து போடுங்க. கூடம் பூரா உங்களுது. நானும் நர்சம்மாவும் சமையல்கட்டுல படுத்துக்கறோம்" என்றேன். அந்த அம்மாள் திகைத்துப்போய் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். குமரேசனுக்குச் சேதி போனதும் அவர் சிரித்தாராம், "போட்டுடுக்கா, தூசில ரெண்டு நாள் தாங்க மாட்டாங்க, தானா ஓடுவாங்க" என்றாராம்.

மூட்டை வந்தது மகளே. எப்படி வந்தது என்கிறாய், மலையையே பெயர்த்துக் கொண்டுவந்து கூடத்தில் வைத்த மாதிரி வந்தது. தரையிலிருந்து ஃபேன் வரைக்கும் அடுக்கு. ஃபேன் சுற்றாது, ஜன்னல் தெரியாது, வாசலிலிருந்து சமையல்கட்டுக்கு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க வேண்டும். படம் மட்டும் மறையக்கூடாது என்று நானே நின்று அதன் முன்னால் ஒரு சந்து விடச் சொன்னேன். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று இந்த ஊருக்கு மூன்று மலைக்கோட்டை, நாலாவது கோட்டை நம் கூடத்தில் எழுந்தது, அதற்கு நான் ராஜா. எலிகள் ஊர்வலமாக வந்து குடியேறின, அவற்றிடம் யாரும் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. மாடியில் கொஞ்சம் காய் இன்னும் காய்ந்துகொண்டிருந்ததா, மலையிலிருந்து குரங்குகள் சேனை சேனையாக இறங்கின. நான் குழாய் ஸ்பீக்கரை மாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டி, "மலைமேல் வாழும் பெருமக்களே, பந்தி முடிந்துவிட்டது, தாம்பூலம் வாங்காமலே கிளம்புமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று அறிவித்தேன். தெருவே சிரித்தது. குமரேசன்கூடச் சிரித்துவிட்டு, அப்புறம் ஞாபகம் வந்து முகத்தை இறுக்கிக்கொண்டார்.

ஆனால் ராணிக்குத்தான் தும்மல். தூசியில் சித்திக்குக் கண் சிவந்து மூக்கு வீங்கிவிட்டது, "உங்க நாடகத்துக்கு நான் தும்மிக்கினு கெடக்கறேன்" என்று திட்டிக்கொண்டே வேலைக்குப் போய்வந்தாள். ஒரு காலை அவள் தும்மித் தும்மிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து எனக்கே வைராக்கியம் விட்டுப்போய், போதும் ரோஜா, திண்டிவனத்துக்கே போயிடலாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள் என்ன சொன்னாள் தெரியுமா? முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாலு வூட்ல அவங்க கதவைச் சாத்தினாங்க. இந்த ஒரு கதவு தொறந்துக்கினு கீது. இதை நானே சாத்திட்டு வரணுமா?" என்றாள். சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு நண்டு நடையில் வெளியே போய்விட்டாள். இத்தனை நாள் நான் கோட்டைக்கு ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் வெறும் கொம்பூதி.

லட்சுமியம்மாள் தினம் மூட்டை பார்க்க இறங்கி வருவார். மூட்டைக்கென்ன கால் முளைத்துவிடுமா, இருந்தாலும் வருவார். சித்தி வீட்டில் இருந்தால் மூட்டைமேல் உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பாள், "உப்பைக் கொறைங்கம்மா, ஊறுகாயை மாடிலேர்ந்து தூக்கிக் கடாசுங்க" என்று அதட்டுவாள். அந்த அம்மாள் அதட்டலுக்குத் தலையாட்டுவார், படத்தைப் பார்ப்பார், எழுந்து போவார். நம் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தது கிடையாது, அதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

போன வாரம் லாரி வந்தது, மூட்டைகளைக் கமிட்டிக்கு, அதாவது விற்பனைக் கூடத்துக்கு, ஏற்றிக்கொண்டு போக. கூடம் காலியாகிக் காலியாகி ஃபேன் வெளியே வந்தது, ஜன்னல் வெளியே வந்தது. குமரேசன் வாசலில் நின்று, "அக்கா பெயிண்ட் அடிக்கணுங்குது, நீங்க காலி பண்ணிடுங்க" என்றார். தெருவில் நாலு பேர் நின்றார்கள், சுமை தூக்குகிறவர்கள் நின்றார்கள், சித்தி யூனிஃபார்மோடு என் பக்கத்தில் நின்றாள். நான் மைக் குரலை மூட்டை கட்டி வைத்துவிட்டுச் சாதாரணக் குரலில், அவரைப் பார்த்து அல்ல, படியில் நின்ற அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னேன். "அம்மா, மூட்டைக்கு எடம் வேணும்னீங்க, குடுத்தோம். இப்ப மூட்டையும் போவுது. இப்ப எதுக்குப் போவணும்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா சாயங்காலமே வண்டி வெச்சிக்கினு போயிடறோம்." எனக்கு நெஞ்சு ஆம்ப்ளிஃபயர் போல் அடித்தது, வெளியே கேட்டிருக்கும். குமரேசன், "அதான் எல்லாருக்கும் தெரியுமே, அக்கா எதுக்குச் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் திரும்பினார். "நீ சும்மா இருடா. வூடு எம் பேர்ல கீது" என்றார். பிறகு அந்தக் காலிக் கூடத்தைப் பார்த்தார், லாரிக்காரனைக் கூப்பிட்டு, "அந்த நாலு மூட்டைய எறக்கு. வெதைக்காயி. ஆடிப் பட்டத்துக்கு வேணும். இங்கயே கெடக்கட்டும்" என்றார். என்னிடம் திரும்பி, "எலி கடிச்சுதுன்னா உங்களத்தான் கேப்பேன்" என்று கடுகடுவென்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். வருஷா வருஷம் விதைக்காய் அவர் கட்டிலுக்கு அடியில்தான் இருக்குமாம், கூடப்பிறந்த தம்பி வீட்டுக்குக்கூட அனுப்பமாட்டாராம். பக்கத்துவீட்டு அம்மணி பிறகு சொன்னது இது.

நீ உடனே, எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் எண்ணிக்கொள்ளாதே. காரணத்தை அவர் வாயால் சொல்லவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. தண்ணீர் இன்னும் குடிக்கவில்லை. குமரேசன் தெருவில் எதிரே வந்தால் சைக்கிள் செயினைச் சரிபார்க்கக் குனிந்துவிடுகிறார், அந்தச் செயின் ஒருநாளும் கழன்றதில்லை. ஆனால் நாங்கள் இங்கேதான் இருப்போம். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற்றமாட்டார்கள், புரட்டாசியில் மாற்றமாட்டார்கள், மார்கழியில் வாயே திறக்கமாட்டார்கள், நடுவில் வரும் மாதங்களை நான் பார்த்துக்கொள்கிறேன். மூட்டைகளுக்கு நடுவே சித்தி நொச்சி இலை போட்டு வைத்திருக்கிறாள், நான் கட்டில் போட்டு அவற்றுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறேன். எந்த எலியாவது வந்தால் தேசிய அளவில் அறிவிப்பேன்.

உனக்கு இரண்டு சொல். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, சம்பளம் வருகிறதே என்று தினம் கடையில் சாப்பிடாதே, சித்தி இரும்புச்சத்து மாத்திரையைப் பற்றிக் கேட்கச் சொன்னாள், போடவில்லை என்று எனக்கே தெரியும். உன் வீட்டுக்காரம்மாவுக்கு நம் ஊர் வறுத்த மல்லாட்டை அனுப்பிவைக்கிறேன், விதைக்காயிலிருந்து இல்லை, கடையில் வாங்கித்தான். தீபாவளிக்கு லீவு கிடைத்தால் விழுப்புரத்தில் இறங்காதே, திண்டிவனத்தில் இறங்கி செஞ்சி பஸ் ஏறு. பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் நர்சம்மா வீடு என்று சொல், மெதுவாகச் சொல்லாதே. உள்ளே வந்ததும் முதலில் உன் அப்பா வாங்கிய படம் தெரியும், அதற்குக் கீழே என் தலை தெரியும்.

நோய்நொடி இல்லாமல், யாருக்கும் குனியாமல், உன் பேங்க் கட்டடத்தை விட உயரமாக நீ வளர வேண்டும் என்று நானும் சித்தியும் வாழ்த்துகிறோம். பதில் போடும்போது உறைமேல் செஞ்சி வீட்டு விலாசத்தை உன் சித்தி பேரோடு பெரிய எழுத்தில் எழுது. தபால்காரர் தெருமுனையிலிருந்தே சத்தமாகப் படித்துக்கொண்டு வரட்டும். பழக்கதோஷத்தில் திண்டிவனம் என்று எழுதிவிடாதே. அங்கே இப்போது நாம் குடியில்லை.

இப்படிக்கு,
உன்னைத் தோளிலிருந்து இறக்கிவிடாத சித்தப்பன்,
நாலாவது கோட்டையின் கொம்பூதி,
மைக் செட் புகழேந்தி