இரண்டு அரைப் பேர்

ஜெராம்,
15-11-1953, ஞாயிறு

அன்பு மகன் ஹியூபர்ட்டுக்கு,

அப்பா எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம். மனதளவிலும் சுகம் என்று எழுதச் சொல்லி அம்மா பக்கத்தில் நிற்கிறாள், அதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. சிங்கப்பூரில் நீ சுகமாக இருக்கிறாய் என்பதை உன் கடிதத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டோம், தாள் நல்ல தாள், எழுத்து தட்டச்சு, பதில் மட்டும் மூன்றே வரி. அச்சானது அச்சானதுதான் அப்பா, அடுத்த காலாண்டு அறிக்கையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த அறிக்கை ஜனவரியில் வரும். இங்கே சம்பளப் பேச்சு இந்த மாதம் இருபத்தேழாம் தேதி. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன், போன கடிதத்தில் மறைத்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நீ வேலை பார்க்கும் கம்பெனியின் வியாபார அறிக்கை போன மாதம் தபாலில் வந்தபோது ஒன்பதாம் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டு, நம்ம பக்கமும் வந்திருக்கு பாருங்கப்பா என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். நான் அதை ஒழுங்காகப் படிப்பதற்கு முன்பே ஊருக்கெல்லாம் காட்டினேன். பூசை முடிந்து கோயில் வாசலில் காட்டினேன், சுவாமியார் கூட வாங்கிப் பார்த்தார். பிறகு ஜெராமில் கனியின் கடைக்குப் போய், கோலசிலாங்கூர் கரையோரத் தோட்டங்களில் ரப்பர் விலை விழுந்த பிறகும் வேலையில் உள்ளவர்கள் போன வருஷத்தைவிட நூற்றுக்கு எட்டு பேர் கூடியிருக்கிறார்கள், கஷ்டத்தின் அடையாளம் எதுவும் இல்லை என்று அவருக்கு உரக்கத் தமிழில் சொன்னேன். கனி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அப்படிங்களா கிராணியாரே, ரொம்ப சந்தோஷம், அந்த எட்டுப் பேரும் எந்தக் கடையில சாமான் வாங்குறாங்கன்னு உங்க மவனுக்கு எழுதிக் கேளுங்க லா. கொரியாச் சண்டை நேரத்துல தீவாளிக்கு நூறு கைலி வித்தவன் நான், இந்தத் தீவாளிக்கு இதுவரைக்கும் ஏழு” என்றார். கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அறிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அடியில் இருந்த பொடி எழுத்தைப் படித்தேன். இந்தக் கரையோரத்தில் பதில் அனுப்பிய தோட்டம் ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்று நம் தோட்டம். நம்ம பக்கம் காலியா கெடக்குப்பா, எனக்காக கம்பெனி அனுப்பின பாரத்தை நிரப்பி அனுப்புங்க என்று ஆகஸ்டில் நீ கெஞ்சி எழுதியது நினைவிருக்கும். வேலையில் உள்ளவர்கள் எத்தனை என்று கேட்டிருந்த கட்டத்தில் 231 என்று எழுதியது என் பேனா. போன வருஷம் 214. உன் நூற்றுக்கு எட்டு அங்கிருந்துதான் வந்தது.

நீ கணக்கெழுதும் கிராணி வீட்டில் வளர்ந்தாய், பத்து வயதில் கிள்ளான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாய், லயத்தில் இருக்கும் கூலிக்காரர்களின் கணக்கு உனக்குத் தெரிய நியாயமில்லை. முழு நாள் வேலை செய்தவனுக்கு ஒரு பேர் போடுவோம், அரை நாளுக்கு அரைப் பேர். போன வருஷம் 214 ஆளுக்கும் முழுப் பேர். விலை விழுந்ததும் துரை 56 பேரை வேலையிலிருந்து வெட்டினார். மிச்சம் 158. அவர்களில் 73 பேருக்கு முழு வேலை கிடையாது, ஒரு நாள் பால்மரம் வெட்ட, வேலை வாங்கும் ஒரு மண்டோரிடம் அரைப் பேர், மறுநாள் புல் வெட்ட இன்னொரு மண்டோரிடம் அரைப் பேர். ஆகவே அந்த 73 பேரும் இரண்டு மண்டோர்களின் புத்தகத்திலும் இருக்கிறார்கள். நான் இரண்டு புத்தகத்திலும் இருந்த பெயர்களைக் கூட்டினேன். பாதிக் கூலிக்கு வேலை செய்கிறவன் உன் அறிக்கையில் இரண்டு ஆளாகிவிட்டான். வெளியே போன 56 பேரைக் காணவே காணோம்.

சன்னாசியை உனக்குத் தெரியும், உனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவன். போன வாரம் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்றபோது எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, “ஏன் கிராணியாரே, எங்கப்பன் எனக்கு வெச்சது ஒரே பேரு, அதையும் நீங்க ரெண்டா அறுத்து ஆளுக்கொரு புத்தகத்துல வெச்சிருக்கீங்க. இதுல எந்தத் துண்டு சன்னாசி, எந்தத் துண்டுக்கு என் பொண்டாட்டி சோறு போடணும்” என்று கேட்டான். அவன் தம்பி சோமு வெட்டுப்பட்ட 56 பேரில் ஒருவன். ரவாங் பக்கம் ஈயம் தோண்டும் லம்பத்தில் வேலை தேடிப் போயிருக்கிறான், அரிசிக் கார்டை அங்கே மாற்றிக்கொள்ள இரண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைகிறான், அதுவரை சன்னாசியின் பங்கு அரிசியில்தான் சோமுவின் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

அன்று மாலையே தொழிலாளர் சங்கத்துச் சிவானந்தம் வந்தான். அவனோடு நான் பதினொரு வருஷமாகப் பேசுவதில்லை, ஜப்பான்காரன் காலத்தில் என் சைக்கிளை இரவல் வாங்கிப் போனவன் இன்று வரை திருப்பவில்லை, அது உனக்கும் தெரியும். படியில் ஏறாமல் கீழேயே நின்று, “என்ன பெர்னாட், மவன் அடிச்ச அறிக்கைய கோயில்ல கூட காட்டினியாமே. துரைமாருங்களும் அதைத்தான் இருபத்தேழாம் தேதி மேசையில வைக்கப் போறாங்க. ஆளு கூடியிருக்குன்னு அச்சுல இருக்கும்போது, வெட்டின அம்பத்தாறு பேரைத் திருப்பி எடுன்னு நாங்க எந்த வாயால கேக்குறது” என்றான். உன் அம்மா கொடுத்த காப்பியை மட்டும் நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகு அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள், இது நீங்கள் தப்பாகக் கூட்டியதா, தெரிந்தே கூட்டியதா என்று. போன கடிதத்தில் உனக்குத் தவறுதலாகக் கூட்டிவிட்டேன் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. முதலில் 158 என்றுதான் எழுதினேன். துரை பார்த்துவிட்டு, இரண்டு புத்தகத்திலும் இருப்பதைக் கூட்டு, கம்பெனிக்குப் பார்க்க நன்றாக இருக்கும் என்றார். பிறகு புதுத் தாள் எடுத்து 231 என்று எழுதினேன். இருபத்தாறு வருஷம் இந்த ஆபீசில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு வர வேண்டிய பதவியை என்னிடம் வேலை பழகியவனுக்குக் கொடுத்தார்கள், பக்கத்துத் தோட்டத்துக் கிராணிக்குக் கிடைத்த செங்கல் வீடு எனக்குக் கிடைக்கவில்லை, இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டும் அவர் சொன்னதும் எழுதினேன். அந்தக் கோபத்தை உன் மேலும் சிவானந்தத்தின் மேலும் காட்டிக்கொண்டு இத்தனை நாள் இருந்தேன்.

சரியான கணக்கு வேண்டுமென்றால் அது நம் கேட்டிலேயே இருக்கிறது. முள்கம்பி வேலியைத் தாண்டி வேலைக்காட்டுக்குப் போகிறவர்களையும் திரும்புகிறவர்களையும், யாரும் காட்டில் கம்யூனிஸ்டுகளோடு தங்கிவிடக் கூடாது என்று போலீஸ்காரன் தினமும் எண்ணி எழுதுகிறான். அவன் எண்ணுவது தலையை. அரைத் தலை என்று அவன் புத்தகத்தில் கிடையாது. செப்டம்பர் முழுவதும் எந்த நாளும் 158-ஐத் தாண்டவில்லை. அதை நாள்வாரியாகப் பார்த்து எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பாரத்தில் நான் எழுதியது எப்படி 231 ஆனது என்பதையும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

உனக்கு டிசம்பரில் வேலை நிரந்தரமாக வேண்டும், இந்த நேரத்தில் உன் முதல் அட்டவணையே தப்பு என்று மேலதிகாரியிடம் போய் நிற்பது எளிதில்லை, எனக்குத் தெரியாமல் இல்லை. எனக்கும் இந்த வேலை போனால் வீடும் போகும். ஆனால் உங்கள் கம்பெனி வாரம்தோறும் விலைத் தாள் அச்சிடுகிறதே, அதில் நான்கு வரி போதும். பிழை தகவல் அனுப்பிய கிராணியுடையது என்று என் பெயரையே போடு, அதில் உனக்கு ஒரு குறையும் வராது. இந்த இரண்டு தாளுக்கும் இன்னொரு பிரதி எழுதி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். இருபத்தைந்தாம் தேதி புதன்கிழமை வரை பார்ப்பேன். அன்று சாயங்காலம் அதைச் சிவானந்தத்தின் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன், சைக்கிளைப் பற்றி அன்று கேட்க மாட்டேன். அதற்கு முன்னால் உன் தாளில் வந்துவிட்டால் மகன் திருத்தினான் என்று இருக்கும். வராவிட்டால் அப்பன் திருத்தினான் என்று இருக்கும். எனக்கு முதலாவதுதான் ஆசை.

அம்மா சுங்கை செம்பிலாங்கில் வாங்கிய கருவாடு ஒரு பொட்டலம் லோரிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள், வழியில் சோதனையில் பிரித்துப் பார்த்திருப்பார்கள், வந்ததும் வெயிலில் காய வை. ஞாயிறு பூசைக்குப் போகிறாயா என்று கேட்கச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைக்காது என்று இப்போதே எழுதிவிடாதே. நீ எந்த முடிவு எடுத்தாலும் தேவமாதா உனக்குத் துணையிருக்க நாங்கள் இருவரும் ஜெபிக்கிறோம். புதன்கிழமையை மறக்காதே.

இணைத்திருக்கும் இரண்டு தாளிலும் போட்டதைப் போலவே, சுருக்காமல் என் முழுப் பேரும் போடுகிறேன்.

உன் அப்பா,
சூசை மரியான் பெர்னாட்,
கிராணி.