சடையரின் ஐந்தாவது பாட்டு

மார்ச் 3, திங்கள்

இன்று சலவைக்கடையில் இருந்தவர்கள்: நான், என் மகள், பேத்தி, பொத்தான் தைக்கிற அக்கா, கோட்டு வாங்க வந்த ரேடியோக்காரி. சாட்சிக்கு எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் மாற்றிப் பேசக்கூடாது.

வழக்கம்போல சடையரின் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டுக்கு அவர்தான் ராஜா என்று உலகமே சொல்கிறது. பெயர் பெரிய பெயர். முடியைச் சடைசடையாகத் தொங்கவிட்டிருப்பதால் எனக்குச் சடையர். ரேடியோக்காரி கோட்டை மறந்து நின்று கேட்டாள்.

"பாட்டிம்மா, இவர் பாட்டுல உங்களுக்குப் பிடிச்ச அஞ்சை எடுத்துக்கிட்டு இருபத்திரெண்டாம் தேதி எங்க ஸ்டேஷனுக்கு வாங்க. நீங்களே போட்டு, ஏன் பிடிக்கும்னு பேசுங்க."

"பேசறதுக்கா ஆள் தேடறே? வரேன்" என்றேன். மகள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

மார்ச் 5

நாலு பாட்டு தயார். எந்த வேலையின்போது போடுவேனோ, அதுதான் நான் வைத்த பேர். போர்வைப் பாட்டு: எடுத்ததுமே மேளம் அகலமாக விரியும். காலர்ப் பாட்டு சின்னது, கறாரானது. கறைப் பாட்டில் அவருக்கு யார்மேலோ கோபம். வார்த்தை ஒன்றும் புரியாது, ஆனால் கோபம்கூடவா எனக்குப் புரியாது? அப்புறம் கடை சாத்தும்போது போடுகிற பாட்டு.

சடையரின் தாளம் எதிர்பார்க்கிற இடத்தில் விழாது. கொஞ்சம் தள்ளி, இடைவெளியில் விழும். நாள் முழுக்க இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி இறக்குகிறவளுக்கு அந்த இடைவெளி போதும், தோள் வலிக்காது.

ஐந்தாவதுதான் இல்லை. வீட்டுக்காரர் இறந்தபின் மறுபடி கடைக்கு வந்த அன்று, அந்தப் பாட்டைப் போட்டுத்தான் பெட்டியைக் கையில் எடுத்தேன். இப்போது கேசட்டில் மேளத்தின் ஆரம்பம் மட்டும் இருக்கிறது. பிறகு 'டக்'. பிறகு என் தங்கை மகனின் மழலை, ப்பூ ப்பூ என்று. அப்போது உருண்டையான கைக்குழந்தை, அதனால் எனக்கு உருளை.

கேசட் ஓரத்துப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் பதிய முடியாது. நான் உடைத்துத்தான் வைத்திருந்தேன். தங்கை அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்துப் பதிந்தாள். தெரியாமல் அழிந்தது என்றால் விட்டிருப்பேன். காகிதம் தானாகவா மடிந்து உள்ளே போகும்? அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்தினேன்.

மார்ச் 9

பேத்தி அவருடைய பாட்டையெல்லாம் போனில் போட்டுக் காட்டினாள்.

"இதா பாட்டி?"

"இல்ல."

"இது?"

"என்னடி இது, பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கிட்டே பாடறாரா?"

எல்லாமே அவசரம். குரலும் பையன் குரல். மற்ற நாலும் மனப்பாடம் என்பதால்தான் அவற்றை அடையாளம் கண்டுகொண்டேன். போன் பாட்டைக் கெடுக்கிறது.

மார்ச் 10

கிடைக்கவில்லை. நாலோடு போக மாட்டேன். ஐந்து என்று ஒத்துக்கொண்டால் ஐந்து.

மார்ச் 14

மகள் எனக்குத் தெரியாமல் தங்கையைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினாள். பெற்ற மகள்!

"அக்கா, கடை நீராவியில உன் கேசட் மிஷின் பெல்ட் தளர்ந்து கிடக்கு. அது எப்பவுமே மெதுவாத்தான் ஓடும். நீ அவர் பாட்டை வேற எங்கயும் கேட்டதில்ல, அதான் தெரியல."

"உன்னை யாரு கேட்டா?"

"பஸ்ஸைப் பிடிக்கவான்னு திட்டினியாமே, அதுதான் உன் பாட்டு. வேகத்தைக் குறைச்சுப் போடச் சொல்லு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அழிச்சவளுக்கு மறக்குமாக்கா?"

சொல்லிவிட்டு, மேளத்தில் ஆரம்பித்துக் கடைசிவரை முனகிக் காட்டினாள். ஒரு இடத்தைக்கூட விடவில்லை. நான் போனை வைத்துவிட்டேன்.

பேத்தி வேகத்தைக் குறைத்தாள். சடையருக்கு வயது ஏறியது. மேளம், இடைவெளி, அந்தக் கனத்த குரல் – என் வலது கை தானாக உயர்ந்தது. கையில் பெட்டி இல்லை.

மார்ச் 15

இத்தனை காலம் தப்பான வேகத்திலா கேட்டேன்? என்ன தப்பு. அவர்தான் வேகமாகப் பாடிவிட்டார்.

மார்ச் 17

பேத்தியை விட்டுத் தங்கைக்குச் சேதி அனுப்பினேன்: 'சனிக்கிழமை, ரேடியோ ஸ்டேஷன். நேரத்துக்கு வா.' வேறொன்றும் இல்லை.

மார்ச் 22, சனி

ஐந்தும் போட்டேன். ஐந்தாவதை மெதுவாகப் போடச் சொன்னதும் ரேடியோக்காரி தயங்கினாள். "என் பாட்டு, என் வேகம்" என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கை கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தலை நரைத்துவிட்டது. ஐந்தாவது பாட்டு முடிகிறவரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

வெளியே வந்ததும், "மூணாவது பாட்டுல கொஞ்சம் உளறினேக்கா" என்றாள்.

"உன் காது இன்னும் கேக்குதே, அதே பெருசு" என்றேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். அவளுக்குச் சர்க்கரை வேண்டாம் என்று நான்தான் கடைக்காரரிடம் சொன்னேன்.

அவளைக் காரில் கூட்டிவந்தது அந்த உருளைதான். இப்போது தாடியும் தொப்பையுமாக நிற்கிறான். "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பேசினீங்க பெரியம்மா. ஆனா அந்தக் கடைசிப் பாட்டு இருக்கே, கேட்டா தூக்கம் வருது."

தங்கையோடு இருந்த பகை இன்றோடு முடிந்தது. ஆனால் என் பாட்டின் மேல் எச்சில் தெறிக்கப் பேசினவனுக்கு, அதைக் கேட்டால் தூக்கம் வருகிறதாம். இதையும் எழுதி வைக்கிறேன். உயிர் உள்ளவரை மன்னிக்க மாட்டேன் – உருளையை.