ஒற்றைத் தகட்டில் மாட்டிய ஆணி

என் உயிரான மச்சானுக்கு,

நீங்கள் போய் நாற்பத்தோரு நாள் ஆகிறது. நாச்சியாபுரத்து மாளிகையில் இரண்டாவது இரும்பு உத்திரத்தை நாளை ஏற்றப் போகிறார்கள். அதற்கும் என்னையே கணக்குப் போடச் சொல்கிறார் காண்டிராக்டர். பென்சிலை எடுத்து எடுத்துக் கீழே வைக்கிறேன்.

நீங்கள் அவசரப்பட்டதால்தான் முதல் உத்திரம் விழுந்தது என்று ஊரே பேசுகிறது. அக்காளைக் கட்டிய நாள் முதல் என்னை உங்கள் வீட்டில் வைத்துச் சோறு போட்டவர் நீங்கள். சென்னையில் படித்து வந்த ஓவர்சியர் நான், அந்தப் பேச்சைக் கேட்டும் வாயைத் திறக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். உத்திரம் ஒன்றரை டன். கப்பி வழியாகக் கீழேயிருந்து இழுப்பதால், கப்பியைத் தாங்கும் ஆணிக்கு அதைப்போல இரு மடங்கு பாரம். சங்கிலியைப் பாரம் நீளவாக்கில் இழுக்கும். இழுவையை இரும்பின் குறுக்குப் பரப்பால் வகுத்தேன், தாங்கும். ஆணியை அது இழுக்காது, கத்தரிபோலக் குறுக்கே வெட்டப் பார்க்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே கப்பி தொங்கினால், ஆணி இரண்டு இடத்தில் வெட்டுப்பட வேண்டும். பாரம் இரண்டுக்கும் பங்காகும். அப்படித்தான் வகுத்தேன். தாளில் பிழையில்லை, மச்சான்.

அன்று காலை சாரத்தின் மேலிருந்து கூப்பிட்டீர்கள்.

"மாப்ளே, ஒரு பக்கத் தகடு விரிசல் விட்டுருக்கு. ஒத்தைத் தகட்டுல மாட்டவா? கணக்கு என்ன சொல்லுது?"

"மாட்டுங்க மச்சான், தாங்கும்" என்றேன். தாளைத் தொடவே இல்லை. முப்பது ஆட்கள் பார்த்திருக்க, படித்தவன் யோசித்து நிற்பதா என்று இருந்தது. ஒற்றைத் தகடென்றால் முழுப் பாரமும் ஒரே இடத்தில் வெட்டும். வெட்டும் பாரம் இரட்டிப்பாகும். மறுபடி ஒரு தரம் வகுக்க ஒரு நிமிஷம் ஆகுமா? நீங்கள் இறங்கி வந்து கீழே நின்றீர்கள். உத்திரம் இரண்டு ஆள் உயரம் ஏறி, ஒரு குலுங்கு குலுங்கியது. ஆணி போயிற்று, உத்திரம் உங்கள் மேலேயே விழுந்தது.

அந்த ஆணியை எடுத்து வைத்திருக்கிறேன். இழுபட்டு மெலியவில்லை. வெள்ளரிக்காயை நறுக்கியதுபோல் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது.

நேற்று மத்தியானம் அதை அக்காவிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அவுக உன்னையக் கேட்டாகளா?"

"கேட்டாக அக்கா."

"நீ தாங்கும்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"இத்தன நாளா அவுக மேல பழியப் போட்டுட்டு, என் கையாலயே சோறு வாங்கித் தின்னியேடா!"

அப்போதே எழுந்தாள். பிள்ளைகளோடு காளையார்கோவிலுக்கு, உங்கள் அம்மா வீட்டுக்கு வண்டியேறிவிட்டாள். வண்டிக்குப் பின்னால் ஓடினேன். அவள் திரும்பவில்லை. இனி யார் முன்னால் போய் நிற்பேன், மச்சான்? யார் என்னைத் திட்டியாவது கூப்பிடுவார்கள்?

நாளை வேலை தொடங்குமுன் இந்தக் கடிதத்தை ஆட்கள் அத்தனை பேருக்கும் உரக்க வாசிப்பேன். "வேண்டாம்ப்பா, நம்ம ரெண்டு பேருக்கும் பொழப்பு போயிரும்" என்கிறார் காண்டிராக்டர். வாசிப்பேன். இரண்டு தகடும் சரியாக வந்து சேரும்வரை உத்திரம் தரையில் கிடக்கும். பிறகு காளையார்கோவில் வந்து, கதவு திறந்தாலும் திறக்காவிட்டாலும், உங்கள் அம்மா காதுபட வாசலில் நின்று இதையே சொல்வேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. கெட்டுப்போன உங்கள் பெயரை மீட்டுக் கொடுப்பேன், அது சத்தியம்.

உங்கள் மைத்துனன்,
கருப்பையா