அவிட்டத்தின் மேல் போட்ட பழி

அனுப்புநர்
த. தங்கபுஷ்பம் (வயது 51),
க/பெ. தவசிமுத்து,
பழைய எண் 14, உப்புக்கிடங்கு இரண்டாவது சந்து,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சென்னை மாவட்டம்.

பொருள்: எங்கள் மாடியில் குடியிருக்கும் விதவை ஜன்னத் என்பவரை, கணவர் கெட்ட நாளில் இறந்தார் என்ற காரணம் சொல்லி, வருகிற புதன்கிழமை வெளியேற்றி வீட்டை ஆறு மாதம் பூட்டவிருப்பதைத் தடுத்து நிறுத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் சமூகத்திற்கு வணக்கத்துடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்:

1. நான் குடும்பத் தலைவி. எங்கள் சொந்த ஊர் தெற்கே, உடன்குடிப் பக்கம். என் கணவர் இதே சந்தின் முனையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். மேற்படி வீடு என் தகப்பனார் போட்ட நகையை விற்று வாங்கியது என்பதால் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. கீழே நாங்கள் குடியிருக்கிறோம். மாடியில் உள்ள ஒரே போர்ஷனில், சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்கும் வேலை பார்த்த ஹபீபுல்லா, அவர் மனைவி ஜன்னத், பிளஸ் டூ படிக்கும் மகள் ஹஃப்சா ஆகியோர் பல வருடமாக வாடகைக்கு இருந்துவருகிறார்கள். வீட்டு வரவு செலவெல்லாம் எழுதி வைப்பவள் நான்தான். அவர்கள் மீது என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை.

2. இது நாள் நட்சத்திரத்தை இகழ்ந்து எழுதும் மனு அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோன நான் பிற்பாடு வாசிக்கப் பழகியதே, கடையில் தினமும் கிழித்துப்போடும் காலண்டர் தாளில்தான். அஷ்டமி நவமியில் புதிதாக ஓர் உப்புப் பாக்கெட்கூடப் பிரிக்கமாட்டேன். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து ஒரு பொருளை வெளியே கொடுத்ததில்லை. எங்கள் சந்தில் காது குத்தவும், வண்டி எடுக்கவும், பால் காய்ச்சவும் நாள் கேட்டு வருவது என்னிடம்தான். அப்படிப்பட்டவள் இந்த மனுவை எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

3. சென்ற ஆகஸ்ட் 9 சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். வேலை முடிந்து வந்து குளித்துவிட்டுப் படுத்த ஹபீபுல்லா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். 108க்குப் போன் செய்தது என் கணவர். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. சைரன் சத்தம் எங்களுக்கு மாடியில் கேட்டது. ஆனால் சந்துக்குள் வர முடியவில்லை. சந்தின் நுழைவில் இருக்கும் அந்தக் கிடங்கு வாசலில் இரண்டு பக்கமும் கன்டெய்னர் டிரெய்லர்களை நிறுத்திவிட்டு டிரைவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். கடைசியில் ஆம்புலன்ஸ் ஆட்கள் டிரெய்லருக்கும் சுவருக்கும் நடுவில் ஸ்ட்ரெச்சரைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார்கள். அவர்கள் படி ஏறும்போது ஹபீபுல்லாவின் தலை என் கணவர் மடியில் இருந்தது. உயிர் இல்லை. சைரன் மட்டும் சந்து முனையில் நின்று கத்திக்கொண்டே இருந்தது.

4. அன்று ஆடி மாதம், சனிக்கிழமை, அந்த நேரத்தில் அவிட்ட நட்சத்திரம். அவிட்டம் முதலான சில நட்சத்திரங்களில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் 'அடைப்பு' என்பது எங்கள் ஜனங்களின் வழக்கம். உயிர் போன இடத்தைப் பூட்டிவிட வேண்டும். யாரும் புழங்கக் கூடாது. அவிட்டத்துக்கு ஆறு மாதம். பூட்டாமல் விட்டால் போனவர் அதே வீட்டிலிருந்து இன்னொருவரை அழைத்துக்கொள்வார் என்பது நம்பிக்கை. என் கணவர் மாடியைப் பூட்ட வேண்டும் என்கிறார்.

5. ஜன்னத்துக்கோ அவர் மார்க்கத்தில் இத்தா இருப்பு. கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள், கணவரோடு வாழ்ந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். கட்டாயத் தேவை இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. அதாவது எங்கள் வழக்கப்படி அவர் அந்த வீட்டில் இருக்கவே கூடாது, அவர் வழக்கப்படி அந்த வீட்டை விட்டு வெளியே வரவே கூடாது. இதைச் சொல்லப் போன என்னிடம் ஜன்னத், "எங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் உங்க ஜோசியரும் குந்திப் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்கா. அதுவரிக்கும் நான் படிக்கட்டுல பாதி உள்ள பாதி வெளிய ஒக்காந்துகினு கீறேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். கணவர் போன பிறகு அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்தச் சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது.

6. எதிர்வீட்டுப் பூமாரி முதலானோர் எங்கள் கடைக்கு வந்து, "இன்னாண்ணா, மாடில அந்தப் பொண்ணு இன்னும் கீதா? அடைப்பு வூட்டுல வெளக்கமாறுகூட இருக்கக் கூடாதுன்வாங்க. எதிர்ல நாங்க புள்ளக்குட்டியோட கீறோம், எதுனா ஆச்சின்னா நீயா வந்து நிப்ப?" என்று கேட்டு என் கணவரை நெருக்குகிறார்கள். இதே பூமாரிதான் அடக்கத்துக்கு ஜனாசா எடுத்த அன்று ஜன்னத்துக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள் என்பதையும் எழுத வேண்டும். வெறுப்பு இல்லை ஐயா, பயம். ஜோசியர் ஒருவர், பூட்டுப் போடுவதற்கு வருகிற புதன்கிழமை வளர்பிறை ஏகாதசி நல்ல நாள் என்று குறித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு பெண்ணைத் தெருவில் விடுவதற்கு நல்ல நாள் பார்த்திருக்கிறார்கள்.

7. என் கணவரின் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால்தான் தங்களுக்கு விளங்கும். 1998இல், நான் கல்யாணமாகி வந்த புதிதில், என் மாமனார் இதே தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டில் தவறினார். அதுவும் அவிட்டம். போக வேறு இடம் இல்லாததால் வீட்டை அடைக்கவில்லை. மூன்றாம் மாதம் என் கணவரின் அண்ணன், எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் எண்ணெய்த் தொட்டி கழுவ உள்ளே இறங்கியவர், திரும்ப ஏறவில்லை. கம்பெனியிலிருந்து கையில் பூமாலையோடு வந்த ஒருவர், எங்கள் சொந்தக்காரர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றவர், கடைசியில் என் கணவரின் தோளைத் தட்டி, "உங்க வீட்டுல அடைப்பு இருந்துச்சாமே தம்பி. நேரம் சரியில்லன்னா நாங்க என்னங்க பண்ண முடியும்?" என்று கேட்டார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்த்தார்களா, இடுப்பில் கயிறு கட்டினார்களா, மேலே ஓர் ஆள் நின்றாரா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வாயெல்லாம் அவிட்டம், அவிட்டம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அன்று எந்த மனுவும் எழுதப்படவில்லை.

8. இந்த விஷயம் என் மனதில் இத்தனை வருடம் எழும்பவே இல்லை. எழுப்பியவர் கிடங்கின் கேட் பார்க்கும் சவரிநாதன். ஹபீபுல்லாவைச் சுமந்துபோன சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர், கெட்டவர் அல்ல. வண்டியை ஏன் அப்படி நிறுத்த விட்டீர்கள் என்று நான் கேட்டதற்கு, "ஆடி மாசம், அதுவும் சனிக்கெயம. அவரு நேரம்மா அது. வண்டிய இன்னா பண்ணச் சொல்றே?" என்றார். அன்று கம்பெனியிலிருந்து பூமாலையோடு வந்தவர் சொன்ன அதே வார்த்தை. அன்று தொட்டியை யாரும் கேட்கவில்லை, இன்று டிரெய்லரை யாரும் கேட்கவில்லை. இரண்டு சாவுக்கும் அவிட்டம் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. இப்போதும் அதே இடத்தில் டிரெய்லர்கள் நிற்கின்றன. நேற்றும் நின்றன.

9. நான் எங்கள் அம்மன் கோயில் குருக்களிடம் போய் அடைப்பு எதனால் வந்தது என்று கேட்டேன். அந்தக் காலத்தில் வைசூரி, காலரா என்று இறந்தால் அந்த இடத்தில் கொஞ்ச காலம் புழங்காமல் விடுவார்கள், அதிலிருந்து வந்திருக்கலாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேள்வி என்றார். சரியா தவறா என்று சொல்ல எனக்குப் படிப்பில்லை. ஆனால் அடைக்க முடியாதவர்களுக்கும் வழி உண்டு, தினமும் விளக்கேற்றி வைத்து, முடிவில் வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் தானம் கொடுத்தால் போதும் என்றும் அவரே சொன்னார். ஹபீபுல்லா தவறிய அன்று காலை எங்கள் காலண்டர் தாளில் ஆவணி அவிட்டம் என்றுதான் போட்டிருந்தது; இந்த வருடம் அது ஆடியிலேயே வந்துவிட்டது. அந்த அவிட்டத்தில்தான் பூணூல் மாற்றி வேதம் தொடங்குகிறார்கள். காலையில் மந்திரம் சொல்ல ஆகிவந்த நட்சத்திரம் சாயங்காலம் கொலைகார நட்சத்திரம் ஆகிவிடுமா என்று கேட்டேன். குருக்கள், "நீங்க கேக்கறது நியாயம்தாம்மா. ஆனா இதை உங்க ஆத்துக்காரர்ட்ட நான் வந்து சொல்லமாட்டேன்" என்று சொல்லி விபூதி கொடுத்தார்.

10. அது முதல் மாடிப்படியின் மேல் படியில், ஜன்னத்தின் கதவுக்கு வெளியே, தினமும் சாயங்காலம் ஓர் அகல் ஏற்றி வைக்கிறேன். ஜன்னத்திடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். "உள்ள வெக்காத வரிக்கும் எனுக்கு ஒண்ணுமில்லக்கா, படியும் இருட்டாத்தான் கீது" என்றார். கதவுக்கு உள்ளே அவர்கள் ஓதுவதும் வெளியே என் விளக்கு எரிவதும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல்தான் நடக்கிறது.

11. எனக்குப் பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். எங்கள் ஒரே மகள் நிறைமாதமாகப் பிரசவத்துக்கு வந்து கீழே படுத்திருக்கிறாள். அவள் இருமினால்கூட நான் மேலே அண்ணாந்து பார்க்கிறேன். என் கணவர் நேற்று சொன்னது: "அண்ணனத் தூக்கிட்டு வந்தவன் நான்லா, ஒனக்கு என்ன தெரியும்? மவ வயித்துப் பிள்ளையோட கெடக்கா. இன்னொருக்கா கையக் கெட்டிப் பாத்துட்டு இருக்க மாட்டேன் புஷ்பம்." ஆனால் பிரசவ வலி வந்தால் எங்கள் மகளை ஏற்றப்போகும் வண்டியும் அதே டிரெய்லர்களுக்கு நடுவேதான் வந்தாக வேண்டும். மாடியைப் பூட்டினால் அந்த வழி திறந்துவிடாது. இதை அவரிடம் சொன்னேன். எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

12. ஆகவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து:

வீட்டின் உரிமையாளர் என்ற முறையில், மாடியை அடைக்க எனக்குச் சம்மதம் இல்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டுகிறேன். புதன்கிழமை காலைக்குள் வருவாய் ஆய்வாளரையோ பெண் காவலரையோ எங்கள் வீட்டுக்கு அனுப்பி, ஜன்னத்தும் அவர் மகளும் இத்தா முடியும் வரைக்கும், அதற்குப் பிறகும் குடியிருக்கலாம் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கிடங்கு வாசலில் டிரெய்லர்களை நிறுத்துவதைத் தடுத்து, ஆம்புலன்ஸ் வந்துபோக வழிவிடச் செய்ய வேண்டும். ஹபீபுல்லாவுக்கு வண்டி ஏன் வந்து சேரவில்லை என்பதை ஒருவராவது விசாரித்து எழுத வேண்டும்.

என் கணவர் மீது வழக்கு எதுவும் வேண்டாம். அவரைக் கூப்பிட்டு மிரட்டவும் வேண்டாம். அரசாங்கம் பூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டது என்று ஒரு தாள் வந்தால் போதும். நாளைக்கு ஏதாவது நடந்துவிட்டால் பொறுப்பு தன்னுடையது இல்லை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு ஓர் இடம் வேண்டும். அண்ணனுக்கு நடந்ததையும் அவரே சுமந்துகொண்டிருக்கிறார். தங்கள் கையெழுத்து அந்தச் சுமையில் ஒரு பக்கத்தையாவது பிடித்துக்கொள்ளும்.

13. இந்தக் கடைசிப் பத்தியைத் தங்கள் அலுவலக வராண்டாவில் வரிசையில் நின்றபடி எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும். இன்று திங்கட்கிழமை, தாங்கள் மனு வாங்கும் நாள். அடுத்த திங்கள் வருவதற்குள் பூட்டு விழுந்துவிடும். இன்று நவமி. பாரிமுனைக்குப் பஸ் பிடிக்க நான் வீட்டுப் படி இறங்கியது ராகு காலத்தில். வாசல் தெளித்துக்கொண்டிருந்த பூமாரி, "இன்னாக்கா, நீயே நவமில கெளம்பிட்டே?" என்று வாயில் கை வைத்தாள். மாடி ஜன்னலில் ஜன்னத் நின்றார். கிளம்புவதற்கு முன் சாமி படத்தின் முன் நின்று நான் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை, போய்வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். இந்த மனு பலிக்காமல் போனால், நவமியில் கொடுத்தாள், அதனால்தான் என்று எங்கள் சந்து முழுக்கச் சொல்லும். அந்தப் பழி நவமியின் மேல் விழாமல் பார்த்துக்கொள்வது இனி தங்கள் கையில் இருக்கிறது.

இணைப்பு: வீட்டுப் பத்திர நகல், ஜன்னத் கையொப்பமிட்ட சம்மதக் கடிதம்.

இடம்: சென்னை
நாள்: 01.09.2025, திங்கட்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்து நிற்கும்,
த. தங்கபுஷ்பம்